‘ஐ ஹேவ் கோல்டு’ என்றால் கஷாயம் வைக்காதீர்கள்!
டீச்சர் பதில்கள்

போன இதழில் ‘வானிலை பற்றிய ஆங்கிலச் சொற்களில் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்’ என்று ஒரு வரி போட்டேன். வந்த கடிதங்களில் பாதி பிரெஞ்சுக்காரர்களைப் பற்றியவை. பேரன், விருந்தினர், கார் சவாரி என்று ஆளுக்கொரு பிரெஞ்சு வாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சில் அட்சரம் படித்து, ஊட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, முப்பது வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியவள். இப்போது குன்னூரில் இருக்கிறேன். எனக்குக் குஷிதான்.

*

கேள்வி: மகள் பிரான்ஸில் இருக்கிறாள். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறைக்கு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் எங்களோடு இருக்கிறான். பிரெஞ்சும் வீட்டுத் தமிழும்தான் தெரியும். ‘போகும்போது நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசணும்’ என்கிறாள் மகள். வந்த இரண்டாம் நாள் காலையில் ‘பாட்டி, ஐ ஹேவ் கோல்டு’ என்றான். சுக்கு, மிளகு, துளசி எல்லாம் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு அழுதான். பார்த்தால் சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கே தப்பு? இவனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
வாசகி, கேத்தி

பதில்: கஷாயம் வீண் போகாதம்மா, கவலைப்படாதீர்கள். உங்கள் கேத்திக்கும் பிரெஞ்சு புதிதில்லை. 1830-களில் பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் புதுச்சேரியிலிருந்து வந்து, கேத்திப் பண்ணையில் தேயிலைச் செடிகளைப் பேணி வளர்த்திருக்கிறார். அவரும் ஜூலைக் காற்றில் பல் கிடுகிடுக்க ‘ழே ஃப்ருவா’ என்றுதான் சொல்லியிருப்பார்.

உங்கள் பேரன் மனசுக்குள் சொன்னதும் அதேதான். ‘ழே ஃப்ருவா’வைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால், ‘என்னிடம் குளிர் இருக்கிறது’. பிரெஞ்சில் பசி, தாகம், புழுக்கம் எல்லாமே இப்படிக் கையிருப்புக் கணக்குதான். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு ‘ஐ ஹேவ் கோல்டு’ என்றான். உங்கள் காது நடுவில் ஒரு ‘அ’வைச் சேர்த்துக்கொண்டது. ‘ஐ ஹேவ் அ கோல்டு’ என்றால் சளி பிடித்திருக்கிறது. ஒரு ‘அ’ இடறியதில் ஒரு தம்ளர் கஷாயம்.

அவன் சொல்ல வேண்டியது ‘ஐ ஆம் கோல்டு’. இதைச் சொல்லச் சொன்னால் கொஞ்சம் முரண்டு பிடிப்பான் பாருங்கள். காரணம் இருக்கிறது. பிரெஞ்சில் ஒருவர் ‘நான் குளிர்’ என்றால், ஈரமில்லாத ஆள், ஒட்டாத ஆள் என்று பொருள் போய்விடும். தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு நாக்கு எழாது. நூறு முறை எழுதச் சொன்னாலும் பயன் இல்லை. நான் செய்வது வேறு. முதலில் தமிழில் சொல்லச் சொல்வேன்: ‘எனக்குக் குளிருது’. நம் மொழியில் குளிரை யாரும் வைத்திருப்பதில்லை, யாரும் குளிராக ஆவதுமில்லை. அது பாட்டுக்கு எங்கிருந்தோ வந்து நம்மேல் படுகிறது. பசிக்குது, வலிக்குது, கூசுது எல்லாம் அதே ஜாதி. மூன்று மொழியும் மூன்று விதமாகச் சொல்கிறது என்று பிள்ளைக்கு ஒரு தடவை புரிந்துவிட்டால், ஆங்கிலம் சொல்வதும் ஒரு விதம், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்வான். உங்கள் வீட்டுத் தமிழ் இங்கே கைகொடுக்கும். அதை ஓரம் கட்டிவிட்டு ஆங்கிலம் கற்றுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது ‘இட் மேக்ஸ் கோல்டு’. இதையும் சொல்லியிருப்பான், அல்லது நாளைக்குச் சொல்வான். பிரெஞ்சில் வெளியே குளிராக இருந்தால் ‘இல் ஃபே ஃப்ருவா’, அதாவது ‘அது குளிர் செய்கிறது’. எது செய்கிறது என்று கேட்காதீர்கள், அவர்களுக்கும் தெரியாது. ஆங்கிலத்திலும் அதே ஆளில்லா ‘இட்’ உண்டு. ஆனால் அது ஒன்றும் செய்யாது, சும்மா இருக்கும்: ‘இட் ஈஸ் கோல்டு’. நமக்கு இந்த டம்மி ஆளே வேண்டாம். ‘குளிருது’ என்றால் வாக்கியம் முடிந்தது. ஆனால் மழைக்கு நாம் ஆள் வைப்போம். ‘மழை வருது’ என்ற பழக்கத்தில்தான் நம் பிள்ளைகள் ‘ரெயின் ஈஸ் கமிங்’ என்று எழுதுகிறார்கள். பேரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘இல் ப்ளெ’ என்பதை ‘இட் ஈஸ் ரெயினிங்’ என்று சட்டென்று மாற்றிவிடுவான். அங்கே அவனிடம் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

வார்த்தைகளுக்கு வருவோம். வெயிலும் காற்றும் மேகமும் ‘இருக்கிறது’ என்பது பிரெஞ்சு வழக்கு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு ஓர் ‘ஈ’ வால் ஒட்டினால் போதும். சன், சன்னி. விண்ட், விண்டி. கிளவுட், கிளவுடி. ஃப்ராஸ்ட், ஃப்ராஸ்டி. இதை விளையாட்டாக ஆடலாம். நீங்கள் தமிழில் ‘காத்தா இருக்கு’ என்றால் அவன் ‘விண்டி’ என்று கத்த வேண்டும். ‘சில்லி’ வரும்போது சிரிப்பு நிச்சயம். காலையில் லேசாகக் குளிர்ந்தால் அது ‘சில்லி’, மிளகாயும் ‘சில்லி’. ஒரே ஒலி, எழுத்துதான் வேறு. இந்த இடத்தில் அவன் ‘இட் ஈஸ் ஃப்ரெஷ்’ என்பான். ‘ஜில்லுனு இருக்கு’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘ஃப்ரே’ என்ற சொல் உண்டு, அதன் நிழல் அது. ‘கூல்’ அல்லது ‘சில்லி’ என்று திருத்துங்கள். ‘ஃப்ரெஷ்’ஷைக் கேரட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

உச்சரிப்பில் இரண்டே இடம்தான் முக்கியம். முதலாவது ‘ஹ’. பிரெஞ்சில் ‘ஹ’ எழுத்தில் உண்டு, வாயில் கிடையாது. ‘ஹீட்’ என்பது ‘ஈட்’ ஆகிவிடும். நான் கற்றுக்கொடுத்த ஒரு பெண் மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் ‘ஐ டோன்ட் லைக் தி ஈட்’ என்றாள். சாப்பாடு பிடிக்கவில்லை போல என்று அவள் மாமியார் முகம் வாடிவிட்டது. திருத்தினால் தேவையில்லாத இடத்தில் ‘ஹ’ போடுவார்கள்: ‘தி ஹேர் ஈஸ் கோல்டு டுடே’. ‘ஏர்’ என்ற காற்று ‘ஹேர்’ என்ற முடி ஆகிவிடும். இரண்டாவது, குறில் நெடில். ‘மிஸ்ட்’ என்பதை ‘மீஸ்ட்’ என்பான். பிரெஞ்சு ‘இ’யில் குறில், நெடில் என்ற பேதம் பொருளை மாற்றாது. ஆகவே ஆங்கிலத்தின் ‘ஹிட்’, ‘ஹீட்’ இரண்டும் அந்தக் காதுக்கு ஒன்றுதான். நமக்கோ இது பாலபாடம். ‘பட்டு, பாட்டு, படி, பாடி, சிறு, சீறு’ என்று அவனைத் தமிழில் நாலு நாள் சொல்ல வையுங்கள். ஆங்கில உயிரெழுத்து தானே வழிக்கு வரும். நான் இதைப் பல பேரிடம் பார்த்துவிட்டேன்.

*

கேள்வி: எங்கள் வீட்டு மாடியை ஹோம்ஸ்டே ஆக்கியிருக்கிறோம். ஒரு பிரெஞ்சுத் தம்பதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ‘டுமாரோ, வாட் டைம் இட் வில் மேக்?’ என்று கேட்டார்கள். ‘பிரேக்ஃபாஸ்ட் எய்ட் ஓ கிளாக்’ என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் கோடநாடு காட்சிமுனைக்குப் போய்த் தொப்பலாக நனைந்து வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நான் என்ன தப்பு செய்தேன்?
வாசகர், கோத்தகிரி

பதில்: நீங்கள் இட்லி நேரத்தைச் சொன்னீர்கள் தம்பி, அவர்கள் மழையைக் கேட்டார்கள். பிரெஞ்சில் ‘தான்’ என்றொரு சொல். நம் ‘நான்தான், நீதான்’ போலவே ஒலிக்கும், கடைசி ‘ன்’ மூக்கோடு நின்றுவிடும். அதற்கு நேரம் என்றும் பொருள், வானிலை என்றும் பொருள். மணி கேட்க அவர்களுக்கு வேறு சொல் இருக்கிறது. ‘என்ன தான் செய்கிறது?’ என்று கேட்டால் மழையா வெயிலா என்று அர்த்தம்.

இதைக் கேட்டு ஆங்கிலேயன் வேண்டுமானால் விழிக்கலாம், நாம் விழிக்க வேண்டியதில்லை. ‘பொழுது விடிந்தது’ என்கிறோம், அது நேரம். தமிழ் இலக்கணம் கார், கூதிர் முதலிய ஆறு பருவங்களைப் பெரும்பொழுது என்கிறது. மாலை, யாமம் போன்றவை சிறுபொழுது. மழைக்காலம், சாயங்காலம் இரண்டிலும் ஒரே ‘காலம்’ உட்கார்ந்திருக்கிறது.

இனிமேல் விருந்தினர் ‘டைம்’ என்றதும் வானத்தைக் காட்டி ‘வெதர்?’ என்று ஒரு கேள்வி போட்டுவிடுங்கள். கூடவே உங்களுக்கும் ஒரு குட்டு. நம் மலையில் இறங்குகிற ஒவ்வொருவரும் ‘க்ளைமேட் சூப்பரா இருக்கு’ என்கிறார்கள், நாமும் ஆமாம் போடுகிறோம். இன்று மாலை இருப்பது வெதர். ஓர் ஊரின் முப்பது வருட வானிலையைச் சேர்த்துப் பார்த்துச் சராசரியாகச் சொல்வது க்ளைமேட். ரெண்டு நாள் டூரில் வந்தவருக்கு அது கண்ணில் படாது.

*

கேள்வி: ஊட்டியில் டாக்சி ஓட்டுகிறேன். தொட்டபெட்டா போகும்போது எதிரே ஒன்றும் தெரியவில்லை. ‘மிஸ்ட் சார்’ என்றேன். பின்சீட்டிலிருந்த பிரெஞ்சுக்காரர் ‘நோ, ஃபாக்’ என்றார். அவர் மனைவி வேறு ஏதோ சொன்னார். கீழே வரும்வரை இருவருக்கும் வாக்குவாதம். எது சரி? நமக்கு எல்லாம் பனிதானே?
வாசகர், ஃபிங்கர்போஸ்ட்

பதில்: நமக்கு எல்லாம் பனிதான், அதுதான் சிக்கல். ‘பனி’ என்ற ஒரு சொல்லில் புல் நுனித் துளி, மலையை மூடும் புகை, விடியலில் வெள்ளையாகப் பூக்கும் உறைவு, இமயமலையில் கொட்டுவது எல்லாம் அடக்கம். ஆங்கிலத்தில் அவை ட்யூ, மிஸ்ட் அல்லது ஃபாக், ஃப்ராஸ்ட், ஸ்னோ. பிரெஞ்சிலும் தனித்தனி.

மிஸ்ட்டா ஃபாக்கா என்பதற்கு வானிலைக்காரர்கள் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் பார்வை மறைந்தால் ஃபாக். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் மங்கலாகவாவது தெரிந்தால் மிஸ்ட். பிரெஞ்சில் முன்னது ‘ப்ருயார்’, பின்னது ‘ப்ரும்’. அங்கேயும் கோடு அதே இடத்தில்தான். எதிரே வரும் பஸ் பத்தடியில்தான் தெரிகிறது என்றால் உங்கள் பின்சீட்டுக்காரர் சொன்னது சரி. இத்தனைக்கும் நீங்கள் போட்டிருப்பது ஃபாக் லைட், மிஸ்ட் லைட் இல்லை! அந்த அம்மா ‘கிளவுட்’ என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னதும் சரிதான். 2,637 மீட்டர் உயரத்தில் மேகத்துக்குள்ளேயே கார் ஓட்டுகிறீர்கள். ‘மேகம் இறங்கிருச்சு’ என்று நம்மவர்கள் சொல்வது அச்சொட்டான அறிவியல். தரையைத் தொட்ட மேகம்தான் ஃபாக்.

நம் மலையில் ‘பனி’யைப் பிரித்துச் சொல்லவும் ஆள் உண்டு. நவம்பர் வாக்கில் விழுவதை நீர்ப்பனி என்பார்கள், டிசம்பரில் விழத் தொடங்குவதை உறைபனி என்பார்கள். நான் ஊட்டிக்கு வந்த முதல் மார்கழி நினைவிருக்கிறது. காந்தல் பக்கம் பள்ளத்தில் வீடு. ராத்திரி கொடியில் விட்டுவிட்ட துண்டைக் காலையில் எடுத்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் வளர்ந்தவளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பயந்து மாமியாரைக் கூப்பிட்டேன். ‘மேகம் இல்லாத ராத்திரி, பூமிச் சூடெல்லாம் மேலே போயிடும், குளிர்ந்த காத்து பள்ளத்துல வந்து தேங்கிடும்’ என்று அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார். எந்தப் பாடப்புத்தகத்திலும் அதைவிடச் சுருக்கமாக நான் படித்ததில்லை. அதனால்தான் மேட்டுத் தேயிலை தப்பித்து, பள்ளத்துத் தேயிலை கருகுகிறது. தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடி வைப்பார்களே, அதுவும் இந்தப் பனிக்குத்தான்.

பிரெஞ்சில் உறைபனிக்கு ‘ழெலே’. சாப்பிடுகிற ஜெல்லிக்கும் அதே சொல்தான். ஆங்கிலம் ‘ஜெல்லி’யையே அங்கிருந்துதான் வாங்கியது. ஒரு மாணவன் கட்டுரையில் ‘இன் தி மார்னிங் தேர் ஈஸ் ஜெல்லி ஆன் தி கிராஸ்’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடிக்க மனசு வரவில்லை. பக்கத்தில் ‘ஃப்ராஸ்ட்’ என்று பென்சிலால் எழுதிவிட்டு மார்க்கைப் போட்டேன்.

*

கேள்வி: கல்லூரியில் பிரெஞ்சு எடுத்திருக்கிறேன், டீச்சர். எங்களோடு பயிற்சி பேச்சுக்கு வந்த பிரெஞ்சு மாணவி ஜூலையில் குன்னூர் வந்துவிட்டு ‘யூ செட் சம்மர் ஈஸ் நைஸ்!’ என்று என்னிடம் சண்டை போட்டாள். பருவங்களை அவளுக்கு ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது?
வாசகி, குன்னூர்

பதில்: கண்ணு, நீ சொன்ன சம்மர் வேறு, அவள் கேட்ட சம்மர் வேறு. அவளுடைய ‘எதே’ ஜூன் இருபதை ஒட்டித் தொடங்கி செப்டம்பர் வரை போகும். நம் கோடை ஏப்ரல், மே. மலர்க்காட்சி முடியும்போது அதுவும் முடிந்தது. ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், குன்னூரில் காற்றும் சாரலும் இருக்கும். உன் ஊருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை வடகிழக்கில், ஐப்பசி கார்த்திகையில். ஆகவே அவளிடம் ‘சம்மர்’ என்று சொல்லாதே, மாதத்தைச் சொல். ‘ஏப்ரல் அண்ட் மே ஆர் வார்ம். ஜூலை ஈஸ் விண்டி அண்ட் வெட்.’ சண்டைக்கு இடமில்லை. மாதப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல். பிரெஞ்சில் சின்ன எழுத்து, அதே கையோடு எழுதிவிடுவாள்.

‘ஆட்டம்’ என்ற சொல்லை மட்டும் அவளை வாய்விட்டுப் படிக்கச் சொல். இலையுதிர்காலம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பிரெஞ்சில் நடுவில் இருக்கும் ‘ம’ ஊமை, ‘ஓத்தொன்’. ஆங்கிலத்தில் கடைசியில் இருக்கும் ‘ன’ ஊமை, ‘ஆட்டம்’. ஒரே வீட்டுச் சொத்தைப் பங்கு பிரித்த மாதிரி ஆளுக்கொரு எழுத்தை எடுத்துக்கொண்டார்கள்.

‘சீசன்’ என்ற சொல்லிலும் அவளுக்குக் குழப்பம் வரும். இங்கே சீசன் என்றால் கூட்டம். மே மாத சீசன், செப்டம்பர் அக்டோபரில் இரண்டாம் சீசன், பார்க்கிங் கிடைக்காத காலம். ஆனால் அதன் வேரைத் தேடிப் போனால் பிரெஞ்சு வழியாக லத்தீனில் ‘விதைப்பு’ என்ற பொருளில் போய் நிற்கிறது. நம் கேரட், உருளைக்கிழங்குக்காரர்கள் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று வருடத்தை மூன்றாகப் பிரிக்கிறார்களே, அவர்கள்தான் ‘சீசன்’ என்ற சொல்லை அதன் பழைய அர்த்தத்தில் வைத்திருப்பவர்கள்.

இன்னொன்று சொன்னால் உன் தோழி குளிர்ந்துபோவாள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1793 முதல் 1805 வரை, அவர்கள் மாதங்களுக்கே வானிலையின் பெயரை வைத்திருந்தார்கள். ‘ப்ரூமேர்’ மூடுபனி மாதம், ‘ஃப்ரீமேர்’ உறைபனி, ‘நிவோஸ்’ பனிப்பொழிவு, ‘ப்ளுவியோஸ்’ மழை, ‘வான்தோஸ்’ காற்று. கடல் தாண்டி இருந்த ஆங்கிலேயர்கள் அதைக் கிண்டல் செய்து ‘ஸ்லிப்பி, டிரிப்பி, நிப்பி’ என்று குளிர்கால மாதங்களுக்குப் பெயர் கட்டினார்கள். வழுக்கும், சொட்டும், கடிக்கும்! முன்பனி, பின்பனி என்று நாம் வைத்ததை யாரும் கிண்டல் செய்யவில்லை. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியவை என்று இலக்கணம் சொல்வதை, மார்கழி இரவில் லவ்டேல் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் மறுக்கத் தோன்றாது.

*

கேள்வி: ‘இந்தியன் சம்மர்’ என்கிறார்களே, அது நம் இந்தியாவா?
வாசகர், அருவங்காடு

பதில்: இல்லை. வட அமெரிக்காவில் பிறந்த சொல். இலையுதிர்காலத்தில் நாலு நாள் திரும்பி வரும் வெயில். பிரெஞ்சிலும் அப்படியே மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள்.

கேள்வி: ‘மாட்டின் மேல் இடி விழுந்தது’ என்பதை ‘தண்டர் ஃபெல்’ என்று எழுதலாமா?
வாசகர், மஞ்சூர்

பதில்: கூடாது. ஆங்கிலத்தில் தண்டர் காதுக்கு மட்டும்தான். விழுவது, கொல்வது எல்லாம் லைட்னிங். பிரெஞ்சுக்காரர்களுக்கு இதில் நம்மைவிட வசதி. கேட்பதற்கு ஒரு சொல், பார்ப்பதற்கு ஒரு சொல், விழுவதற்குத் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பார்க்கும் மின்னலின் பெயரையே ஒரு கிரீம் பலகாரத்துக்கும் வைத்துவிட்டார்கள், ‘எக்ளேர்’.

கேள்வி: மழை கொட்டினால் ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று விருந்தினர்களிடம் சொல்லலாமா?
வாசகி, வெலிங்டன்

பதில்: வேண்டாம்மா, பள்ளிக்கூடத்துக்கு வெளியே அதைச் சொல்பவர்கள் அபூர்வம். ‘இட் ஈஸ் போரிங்’ போதும், கொட்டுகிறது என்று பொருள். போரடிக்கிறது என்பதும் காதுக்கு அப்படியே விழும், இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில்தான் வரும். பிரெஞ்சில் கயிறு கயிறாகப் பெய்கிறது என்பார்கள். நம் தாரை தாரைக்கு அதுதான் கிட்டத்தில் வருகிறது.

கேள்வி: எமரால்டு பஸ் ஸ்டாப்பில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். ஒரு பிரெஞ்சுப் பெண் ‘அவலாஞ்சி’ என்ற போர்டைப் படித்துவிட்டு, ‘டேஞ்சர்? ஸ்னோ?’ என்று என்னைக் கேட்டாள். என்ன சொல்வது?
வாசகர், எமரால்டு

பதில்: அவள் பயந்ததில் தப்பில்லை. அது அவள் மொழிச் சொல். ஆல்ப்ஸ் மலையில் பனி சரிந்து ஊரையே மூடுவதற்குப் பெயர் ‘அவலான்ஷ்’. ஆங்கிலேயர்கள் அதைக் கடன் வாங்கி, இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய மண்சரிவு நடந்த இடத்துக்குச் சூட்டிவிட்டார்கள். சரிந்தது மண், பெயர் பனிக்கு. நாம் அதன் வாலைத் திருத்தி அவலாஞ்சி ஆக்கிக்கொண்டோம். ‘நோ ஸ்னோ. லேண்ட்ஸ்லைடு, லாங் அகோ’ என்று சொல்லுங்கள், போதும். ஆனால் அவள் வந்தது ஆகஸ்டாக இருந்தால் இன்னொரு வாக்கியமும் சேர்த்துச் சொல்லுங்கள். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ‘இட் ரெயின்ஸ் எ லாட்’ என்று சொல்லி, உங்கள் கடையில் தொங்கும் ரெயின்கோட்டில் ஒன்றைக் காட்டுங்கள்.